தங்கச்சியைப் பற்றிக்கூடச் சொல்லாதவன்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளிடம் முதலில் ஒரு கேள்வி. ஒருவருக்கு இன்ன நோய் என்று டாக்டர் சொல்லவில்லை. நர்ஸ் சொல்லவில்லை. நோயாளியும் மூச்சு விடவில்லை. பதிவேடு பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அப்படியும் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. எப்படி?

வேலையில் இருந்த காலம் முழுக்க என்னை அரித்த கேள்வி இது. அடுத்தவர் விஷயம் என்றால் எனக்கு மூக்கு முழ நீளம் என்று என் தங்கச்சி சொல்வாள். உண்மைதான். அப்படிப்பட்டவனுக்குப் போய் வாயைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை வாய்த்தது பாருங்கள், அதைத்தான் தலையெழுத்து என்பது.

எண்பதுகளில் நான் தர்மபுரி மாவட்டத்தில் தொழுநோய் ஆய்வாளராக இருந்தேன். ஊர்க்காரர்களுக்கு நான் ‘பெருவியாதி சார்’. சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் தேமல் பார்க்க வேண்டும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, அந்த இடத்தை இறகால் லேசாகத் தொட வேண்டும். தொடுவது தெரிந்தால் பெரும்பாலும் சாதாரணத் தேமல். தெரியவில்லை என்றால் மருந்து. அப்போதுதான் புதுக் கூட்டு மருந்து வந்திருந்தது. வருடக்கணக்கில் விழுங்கிய காலம் போய், லேசான நோய் ஆறே மாதத்தில் குணமாகத் தொடங்கியது. ஆனால் நோய் போன வேகத்தில் பெயர் போகவில்லை. குணமாகாத தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்று அன்றைக்குச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். நோயாளியின் ரகசியத்தைக் காப்பாற்ற எங்கள் கையில் ஒரு சட்டமும் இல்லை.

உங்களுக்கு இப்போது பதிவு செய்ய டேப்லெட் இருக்கிறது, பாஸ்வேர்டு இருக்கிறது, தனிநபர் தரவைப் பாதுகாக்கச் சட்டமே வந்துவிட்டது. ரொம்ப நல்லது. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு முதலில் கிடைத்த விடை என் சைக்கிள். அதற்கு என்ன பாஸ்வேர்டு போடுவீர்கள்?

“பெருவியாதி சார் சைக்கிளு யார் வூட்டு வாசல்ல நிக்குது?” இதுதான் ஊரில் பேச்சு. சைக்கிளைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிட்டு நடந்து போனேன். எங்கே போகிறேன் என்று பார்க்கப் பின்னாலேயே ஆட்கள் நடந்து வந்தார்கள். சரி, ஒரே வீட்டுக்குப் போனால்தானே சந்தேகம் என்று, தெருவில் எல்லா வீட்டிலும் ஏறித் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். வயிறு வீங்கியதுதான் மிச்சம். எந்த வீட்டில் அதிக நேரம் இருந்தேன் என்று அதையும் கவனித்துவிட்டார்கள். அடேயப்பா, அந்த ஊர்க்காரர்களின் கூர்மையை இன்று நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். எங்கள் துறையில் அவர்களை வேலைக்கு எடுத்திருக்கலாம்.

கடைசியில், தடுப்பூசி போட வருகிற நர்ஸம்மாவிடம் பேசி வைத்துக்கொண்டேன். ஊசி போடும் நாளில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் துணைச் சுகாதார நிலையத்துக்கு வருவார்கள். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக என் நோயாளிகளும் வந்து பின்பக்க அறையில் மாத்திரை விழுங்கிவிட்டுப் போனார்கள். சைக்கிள் பிரச்சினை தீர்ந்தது. இனி யாருக்கும் தெரியாது என்று நானும் மெத்தனமாக இருந்தேன்.

அங்கேதான் ஒரு பெண் வந்தாள். பேர் வேண்டாம். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் நான் மாற்றிச் சொல்வதாகவே இருக்கட்டும். மேல்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேமல். ரவிக்கைக் கை மறைத்துவிடும். மருந்து விழுங்கிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று சொன்னேன். “அப்ப அன்னிக்கு மத்த பொம்பளைங்க கூட ஏரிப்பக்கம் போவக் கூடாது, இல்லீங்களா?” என்றாள். வீட்டில் கழிப்பறை இல்லாத ஊர். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. அவ்வளவு சூட்டிகை.

மருந்து பாதி முடிந்திருந்த சமயம், ஒரு தடுப்பூசி நாளில் தாயும் மகளுமாக வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். அரூர்ப் பக்கத்திலிருந்து நல்ல வரன் வந்திருக்கிறது, பையனுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது என்று அம்மா சொன்னாள். சொன்னவள் முகத்தில் சந்தோஷமே இல்லை.

“இந்தச் சந்தை விட்டு அடுத்த சந்தைக்கு மாப்பிள்ளையோட சித்தப்பா வருவாரு சார்,” என்றாள் பெண். “உங்களத்தான் கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?”

“ஒண்ணும் சொல்ல மாட்டேம்மா. தலை போனாலும் சொல்ல மாட்டேன்.”

“அதான் சார் பயமா இருக்குது.”

எனக்குப் புரியவில்லை. அவள் எனக்குப் புரிய வைத்தாள்.

எங்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பெண் பார்க்கிறவர்களும் மாப்பிள்ளை பார்க்கிறவர்களும் சந்தையன்று டீக்கடையில் எங்களைப் பிடிப்பார்கள். “இன்னார் குடும்பத்துல அந்த மாதிரி ஏதாச்சும்...?” என்று இழுப்பார்கள். நோய் இல்லாத குடும்பம் என்றால், “அப்படி ஒண்ணும் இல்லீங்க, தாராளமா செய்யுங்க” என்று நாங்களும் சொல்லிவிடுவோம். ஒரு கல்யாணம் நல்லபடியாக நடக்க உதவுகிறோம் என்று நினைப்பு. டீயும் வடையும் வரும். பிறகு பத்திரிகை வரும். எங்கள் பிரிவில் எல்லாரும் இதைப் புண்ணியமாகவே செய்துகொண்டிருந்தோம். நோயாளி ஒருவரின் பெயரைக்கூட நாங்கள் வெளியே விட்டதில்லை, அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

“எங்க தெருவுலயே ஒரு பொண்ணுக்குக் கேட்டப்ப இல்லைன்னு சொன்னீங்க,” என்றாள் அவள். “மணியக்காரர் வூட்டுக்கும் இல்லைன்னீங்க. எல்லாருக்கும் இல்லை இல்லைன்னு சொல்லிட்டு, என்னைக் கேக்கறப்ப மட்டும் வாய மூடிக்கிட்டீங்கன்னா, அதுவே சொன்ன மாதிரிதான சார்?”

இத்தனை நாள் நான் தேடிய விடை என் வாயிலேயே இருந்திருக்கிறது. நோய் இல்லாதவர்களுக்கு நற்சான்று கொடுத்துக் கொடுத்து, என் மௌனத்தை நானே நோய்க்கு அடையாளமாக்கி வைத்திருந்தேன்.

“ஒரு பொய் சொல்லிப்போடுங்க சார். புள்ளை வாழ்க்கைங்க,” என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெண் குறுக்கிட்டாள். “பொய்யெல்லாம் வேணாம்மா. நான் அவர்கிட்ட சொல்லிக்கறேன். என் வாயால, நான் சொல்றப்ப. அவர்கிட்ட மட்டும். அவங்க சித்தப்பாவுக்கு எதுக்கு? டீக்கடைக்கு எதுக்கு?”

இன்று உங்களுக்கு வகுப்பெடுக்கிறவர்கள் ஒப்புதல் என்று ஒரு வார்த்தை சொல்கிறார்கள். நான் அந்தப் பாடத்தைப் படித்தது அந்தப் பின்பக்க அறையில்தான். அவளுடைய சங்கதி அவளுடையது. யாரிடம், எப்போது என்பதும் அவள் பாடு. என் பாடு, அவள் சொல்லுமுன் அது டீக்கடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது.

எப்படிப் பார்த்துக்கொள்வது? சைக்கிளை மிதித்துக்கொண்டே யோசித்தேன். இனி யாரைப் பற்றியும் சொல்வதில்லை என்று முடிவெடுக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு முதல் ஆளாக அவள் மாட்டினால், அவளுக்காகத்தான் எடுத்த முடிவு என்று சித்தப்பாவுக்கு விளங்கிவிடும். அவளுக்கு முன்னால் நோய் இல்லாத யாரையாவது பற்றி ஒருவர் வந்து கேட்டு, நான் சொல்ல மறுத்திருக்க வேண்டும். அதுவும் ஊரறிய. அப்படி மறுத்தால் அந்த அப்பாவியின் பெயர் நாறும். யாருடைய பெயரை எடுத்து நாறடிப்பது? அந்த உரிமையை எனக்கு யார் கொடுத்தது?

இண்டூரில் எங்கள் வீடு. தங்கச்சி தையல் மிஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். ஊர் பேர் இல்லாமல் சங்கதியை மட்டும் சொன்னேன்.

“யாருன்னு கேக்க மாட்டேன். கேட்டாலும் நீ சொல்லப்போறதில்ல,” என்றாள். கொஞ்ச தூரம் தைத்தாள். பிறகு மிஷின் நின்றது. “ஆமா, வர்ற சந்தைக்கு என்னைப் பத்திக் கேக்க ஆள் வருதுன்னு அம்மா சொல்லுச்சே?”

உண்மைதான். அவளுக்கும் ஒரு வரன் வந்திருந்தது, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தே. மாப்பிள்ளையின் மாமா சந்தையில் என்னைப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“அவர் கேக்கறப்ப சொல்லாத,” என்றாள்.

“ஏய், பைத்தியமா உனக்கு? அம்மா கொன்னுடும்.”

“கொன்னா உன்னைத்தான் கொல்லும். என்னை எதுக்குக் கொல்லுது?”

“வரன் போயிடும்டி.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “எனக்கும் அந்த மாப்பிள்ளை மேல பெருசா ஆசை ஒண்ணும் இல்லைன்னு வெச்சுக்கோயேன்.”

அது நிஜமா, எனக்காகச் சொன்னதா? இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள். என் மூக்குக்கு எட்டாத ரகசியங்களில் அதுவும் ஒன்று.

சந்தையன்று டீக்கடையில் நல்ல கூட்டம். பாய் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கடை பாய்க்குத் தெரியாமல் ஊரில் ஒரு மாடுகூட விலை போகாது. மாப்பிள்ளையின் மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனிதர். ஏதோ சடங்குக்குக் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

“உங்க வூட்டுப் பொண்ணு, உங்களுக்குத் தெரியாததுங்களா? இருந்தாலும் பெரியவங்க ஒரு வார்த்தை கேட்டுட்டு வான்னாங்க. அந்த மாதிரி ஒண்ணும் இல்லீங்கல்ல?”

‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். என் தங்கச்சி, எனக்குத் தெரியும், அவள் உடம்பில் ஒரு மருகூடத் தப்பான இடத்தில் இல்லை. சொல்லிவிடலாம் போல அப்படி ஒரு தவிப்பு.

“நான் யாரைப் பத்தியும் சொல்றதில்லைங்க,” என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. “என்னங்க, வெளையாடறீங்களா?”

“இல்லீங்க. இனிமே யார் வந்து கேட்டாலும் இதுதான் பதில்.”

பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். “சார், சொந்தத் தங்கச்சி சார்!” என்றார் பதறிப்போய். “இல்லைன்னு சொல்லிட்டுப் போங்க சார், வாய்ல என்ன கொழுக்கட்டையா?”

“பாய், உங்களப் பத்திக் கேட்டாலும் இதுதான்.”

கடையில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மாமா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் மிச்ச டீயைக் குடிக்கவில்லை.

வரன் போயிற்று. “கூடப் பொறந்தவனே வாயத் தொறக்கலன்னா, ஏதோ இருக்குது” என்று பேசினார்கள். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சோற்றுத் தட்டை என் முன்னால் டங்கென்று வைப்பாள், அவ்வளவுதான். சக ஊழியர்கள், “இல்லைன்னு சொல்றதுல என்னய்யா குறைஞ்சு போச்சு உனக்கு?” என்று திட்டினார்கள். தங்கச்சி மட்டும் வழக்கம்போலத் தைத்துக்கொண்டிருந்தாள். ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த சிலர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. “அழுது தொலைக்காத. துணி கம்மியானா எனக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டு,” என்றாள்.

அடுத்த சந்தை வந்தது. சித்தப்பாவும் வந்தார். உயரமான மனிதர், வெள்ளைச் சட்டை, வெற்றிலை வாய். நேராக என் எதிரில் உட்கார்ந்து பெண்ணின் பெயரையும் தெருவையும் சொன்னார்.

“நான் யாரைப் பத்தியும் சொல்றதில்லைங்க.”

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா பெரிதாகச் சிரித்தார்.

“தெரியுங்க. பாய் முன்னாலயே சொல்லிட்டாரு. தங்கச்சிக்கே வாயத் தொறக்காத ஆளு, எங்களுக்கா சொல்லப்போறீங்க? கேக்கறது முறை, அதான் கேட்டு வெச்சேன்.” பாயைப் பார்த்துக் கண்ணடித்தார். “நல்ல ஆளைப் போட்டாங்கய்யா கவர்மெண்ட்டுல.”

என் டீக்கும் சேர்த்துக் காசு வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். என் பதிலை அவர் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குத்தானே இத்தனை பாடு! அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. கடைசி மாத மருந்தை அம்மா வீட்டுக்கு வந்த சாக்கில் விழுங்கிவிட்டுப் போனாள். அவள் கணவனிடம் சொன்னாளா, எப்போது சொன்னாள், அவன் என்ன சொன்னான் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை.

தங்கச்சிக்கு அதன்பின் சில வரன்கள் தட்டிப்போயின. பிறகு பென்னாகரம் பக்கத்தில் ஒரு வீட்டில் எதையும் விசாரிக்காமல் பெண் எடுத்தார்கள். நன்றாக இருக்கிறாள். அம்மா என்னோடு மறுபடி பேசத் தொடங்கியது அந்தக் கல்யாணத்துக்குப் பிறகுதான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்களிடம் யாராவது வந்து, “இந்தாளுக்கு அந்த வியாதி இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, போதும்” என்பார்கள். சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை போலத்தான் தோன்றும். நல்லது செய்கிற மாதிரிகூட இருக்கும். சொல்லாதீர்கள். உங்கள் ஒவ்வொரு ‘இல்லை’யும் இன்னொருவரை வெளிச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தும். சட்டப் புத்தகத்தில் இது எந்தப் பிரிவில் வருகிறது என்று எனக்குத் தெரியாது, நீங்கள் தேடிப் பார்த்துச் சொல்லுங்கள், எனக்கும் ஆர்வமாக இருக்கிறது. ஆனால் இப்படி எல்லாவற்றையும் மூடி வைத்தால் நோயை எப்படி ஒழிப்பது என்று என் அதிகாரி ஒருவர் கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. சில வருடம் கழித்துத் தெரிந்தது.

ஒரு நாள் சேலம் போகிற பஸ்ஸில் இருந்தேன். தொப்பூர் கணவாயில் ஓட்டல் ஒன்றின் முன்னால் டீக்கு நிறுத்தினார்கள். இறங்கியவனின் கையை யாரோ பிடித்தார்கள். திரும்பினால் அந்தச் சித்தப்பா. வெள்ளைச் சட்டை, வெற்றிலை வாய், எல்லாம் அப்படியே. முகம் மட்டும் வாடிக் கிடந்தது.

“தர்மபுரியிலயே உங்களப் பாத்துட்டேன் சார். அங்க பேசினா யாராச்சும் தெரிஞ்சவங்க பாப்பாங்க. இங்க வரைக்கும் பொறுத்துக்கிட்டு வந்தேன்.”

வரிசையாக நின்ற லாரிகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே போனதும் கேட்டார்.

“அன்னிக்கு ஒரு பொண்ணைப் பத்திக் கேட்டேனே சார். எங்க வூட்டு மருமகதான் இப்ப. தங்கமான பொண்ணு. இப்பக் கேக்கறேன், அந்தப் பொண்ணுக்கு அப்ப ஏதாச்சும் இருந்துச்சா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதைக் கேட்கவா இவ்வளவு தூரம்?

“நான் யாரைப் பத்தியும் சொல்றதில்லைங்க.”

பெருமூச்சு விட்டார். “இந்த வார்த்தை இன்னும் அப்படியே வருதான்னு பாத்தேன் சார். கோவிச்சுக்காதீங்க,” என்றார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். சட்டையை இறக்கி, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். தோள்பட்டைக்குக் கீழே வெளிறிப்போன ஒரு தேமல்.

“எத்தனை நாளா இருக்குதுங்க?”

“நாளாச்சு. எங்க ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவப் பயம். வூட்ல பொண்ணு ஒருத்தி கல்யாணத்துக்கு நிக்கறா.”

கையில் இறகு இல்லை. பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து நீளவாக்கில் மடித்துக்கொண்டேன்.

“கண்ணை மூடிக்குங்க. தொடறப்ப ‘ம்’னு சொல்லுங்க.”

தேமலுக்கு வெளியே தொட்டேன். “ம்,” என்றார். தேமலின் நடுவில் தொட்டேன். லாரி ஒன்று மலையேற முடியாமல் உறுமிக்கொண்டு போனது. இன்னொரு முறை தொட்டேன்.

“தொடுங்க சார்,” என்றார் கண்ணை மூடியபடியே.

அவர் சட்டையைத் தூக்கித் தோளில் போட்டுவிட்டேன். “மருந்து இருக்குதுங்க. முழுசா சரியாப் போயிடும். எங்க வெச்சுக் குடுக்கறதுன்னு நான் பாத்துக்கறேன்.”

அவர் பொத்தானைப் போடவில்லை. திரும்பி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“யாருக்கும் தெரியாதில்ல சார்?”

“தங்கச்சியைப் பத்தியே சொல்லாதவன்ங்க நான்,” என்றேன்.